கொத்மலை: சம்பளமில்லாத இளைஞர்கள் ஓட்டிய வானொலி

இலங்கையின் மத்திய மலைநாட்டில், கம்பளை, நாவலப்பிட்டி பக்கம், மாவத்துர என்று ஒரு சிற்றூர். அங்கிருந்து 1989இல் ஒலிபரப்பைத் தொடங்கிய கொத்மலைச் சமூக வானொலி, பத்து வருடம் கழித்து உலகம் முழுக்கப் பேசப்பட்டது. கிராமத்து வானொலியையும் இணையத்தையும் ஒரே கூரைக்குள் கொண்டுவந்த முன்னோடி என்று யுனெஸ்கோ அதை மேடைக்கு மேடை எடுத்துக்காட்டியது. அதைப் பற்றி எழுதப்பட்டதில் பெரும்பகுதி தொழில்நுட்பம் பற்றியது: எத்தனை கணினி, என்ன வேகம், யார் நிதி கொடுத்தார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. அந்த நிலையத்தில் சம்பளக்காரர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். மீதி வேலையை இழுத்துக்கொண்டு போனவர்கள் சுற்றுவட்டாரத்து இளம் தன்னார்வலர்கள். அவர்களை எது வரவைத்தது, உள்ளே வந்ததும் அவர்கள் கையில் என்ன வேலை கொடுக்கப்பட்டது, எந்த இடத்தில் கதவு சாத்தப்பட்டது என்பதைப் பார்ப்பதுதான் இந்த ஆய்வு.

"இளைஞர்களைச் சேவைக்கு இழுப்பது எப்படி?" என்று நம் ஊரிலும் கூட்டம் போட்டுக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஒரு மாணவர் வருடத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் காட்ட வேண்டும், ஒரு சிறப்பு முகாமுக்கும் போய்வர வேண்டும். அதில் நல்ல வேலைகள் நடக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் மணிக்கணக்கு நிரம்பியதும் சான்றிதழ் வந்துவிடும், அந்த மாணவர் நட்ட கன்றை யார் தேடினார்கள் என்று அவருக்குத் தெரியாது. கொத்மலையில் கிடைத்த வேலை இதற்கு நேர் எதிரானது. ஒருவர் கேட்டார், இன்னொருவர் தேடிப் பதில் சொன்னார், அந்தப் பதிலை ஊரே கேட்டது.

அணைக்குப் பின்னால் வந்த நிலையம்

மகாவலி ஆற்றில் அணைகள் கட்டி மக்களைக் குடியேற்றிய மகாவலித் திட்டம் இல்லாவிட்டால் இந்த வானொலியே இல்லை. முப்பது வருடத்தில் முடிப்பதாக வரைந்து வைத்திருந்த மகாவலி அபிவிருத்தித் திட்டத்தை, 1977இல் வந்த அரசு ஆறே வருடத்தில் முடித்துக்காட்டக் கிளம்பியது. அதில் ஒன்றான கொத்மலை அணை சுவீடன் உதவியோடு 1985இல் எழுந்தது. பள்ளத்தாக்கில் இருந்த வயல்களும் வீடுகளும் விகாரைகளும் நீருக்கடியில் போயின. குடும்பங்களில் ஒரு பகுதி உலர் வலயக் குடியேற்றங்களுக்குப் போனது. மற்றவர்கள் மலைச்சரிவில் மேலே ஏறிக் குடியமர்ந்தார்கள்.

இப்படி இடம் மாற்றப்பட்டவர்களோடு பேசுவதற்காக 1981இல் மகாவலிச் சமூக வானொலி என்ற திட்டம் தொடங்கியது. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம், யுனெஸ்கோ, டென்மார்க்கின் உதவி நிறுவனமான டானிடா மூன்றும் சேர்ந்து நடத்தின. அதன் வேலைமுறை அந்தக் காலத்துக்குப் புதியது. தயாரிப்புக் குழு ஒரு கிராமத்துக்குப் போய்ச் சில நாட்கள் அங்கேயே தங்கும். ஊர்க்காரர்களைப் பேசவைத்து, பாடவைத்து, சண்டையும் போடவைத்து ஒலிப்பதிவு செய்யும். ஆனால் நாடாவை எடுத்துக்கொண்டு குழு கிளம்பிவிடும். ஒலிபரப்பு வேறு ஊரிலிருந்து நடக்கும். கிராமத்து இளைஞனுக்கு அதில் கேட்பவன் வேடம், மிஞ்சினால் பேட்டி கொடுப்பவன் வேடம், அவ்வளவுதான். பிறகு ஊருக்குள்ளேயே சிறு நிலையம் வைப்போம் என்று 1986இல் கிராந்துருகோட்டையிலும் 1989இல் கொத்மலையிலும் ஆரம்பித்தார்கள். நிலையம் பக்கத்தில் வந்ததும்தான் ஒரு பையனோ பெண்ணோ சாயங்காலம் நடந்து போய் "எனக்கு ஏதாவது வேலை இருக்கிறதா?" என்று கேட்க முடிந்தது. தன்னார்வத்தைப் பற்றிப் பேசும்போது மனப்பான்மையைப் பற்றியே பேசுகிறோம். நடந்து போகிற தூரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

1989 என்ற வருடத்தையும் சும்மா தாண்டிப் போக முடியாது. தெற்கிலும் மலைநாட்டுச் சிங்கள ஊர்களிலும் மக்கள் விடுதலை முன்னணியின் (ஜேவிபி) இரண்டாவது கிளர்ச்சி உச்சத்தில் இருந்தது. ஒருபுறம் ஜேவிபியின் தடையுத்தரவுகளும் கொலைகளும். மறுபுறம் அரசுப் படைகளும் அவற்றோடு ஒட்டிய ஆயுதக் கும்பல்களும் இளைஞர்களைத் தூக்கிப் போய் எரித்து வீதியோரம் போட்டுக்கொண்டிருந்தன. அரசு வானொலியில் வேலை செய்வதே உயிருக்கு ஆபத்து. அந்த ஜூலை மாதத்தில் மட்டும் மூத்த ஒலிபரப்பாளர் தேவிஸ் குருகேயும், பிரபல அறிவிப்பாளரும் பாடலாசிரியருமான பிரேமகீர்த்தி த அல்விஸும் கொல்லப்பட்டார்கள். நவம்பரில் ஜேவிபி தலைவர் ரோகண விஜேவீர பிடிபட்டது உலப்பனையில், வேறு பெயரில் தேயிலைத் தோட்ட உரிமையாளராக வாழ்ந்துகொண்டிருந்தபோது. கம்பளைக்கும் நாவலப்பிட்டிக்கும் நடுவில் இருக்கிற இடம் அது. இருபது கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்துக்குக் கேட்கும் கொத்மலை வானொலியின் வட்டத்துக்குள்ளேயேதான் இருக்கிறது.

அடுத்த வருடம் வெளிவந்த ஜனாதிபதி இளைஞர் ஆணைக்குழுவின் அறிக்கை, படித்த கிராமத்து இளைஞர்களின் கோபத்துக்குக் காரணங்களைத் தேடியது. வேலையின்மை, எந்த நியமனத்துக்கும் அரசியல்வாதியின் சிபாரிசு, ஆங்கிலம் தெரியாதவர்கள் வாசலிலேயே நிறுத்தப்படுவது ஆகியவை அதில் முக்கியமானவை. வானொலியைத் தொடங்கியவர்கள் இந்தக் கோபத்துக்கு மருந்தாக அதைத் தொடங்கவில்லை, அது மகாவலித் திட்டத்தின் தொடர்ச்சியாக வந்தது. ஆனாலும் நிலையத்துக்கு வந்த முதல் தலைமுறை இளைஞர்கள் எந்த மண்ணிலிருந்து வந்தார்கள் என்பது தெரியாமல் அவர்களின் வருகையைப் புரிந்துகொள்ள முடியாது. சிபாரிசுக் கடிதம் இல்லாமல், ஆங்கிலம் இல்லாமல் நுழையக்கூடிய ஒரு பொது நிறுவனம் அவர்கள் ஊரிலேயே இருந்தது. அங்கே அவர்கள் குரல் நாலு ஊருக்குக் கேட்டது. இருபது வயதில் இதற்கு மேல் என்ன வேண்டும்?

64 கிலோபிட்

முதல் பத்து வருடம் அது எந்த உள்ளூர் வானொலியும் போலத்தான். பிறகு 1999இல் கொத்மலை இணையத் திட்டம் வந்தது. யுனெஸ்கோ, தகவல்துறை அமைச்சு, ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம், தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, ஸ்ரீலங்கா டெலிகொம், கொழும்புப் பல்கலைக்கழகம் எல்லாம் கைகோத்தன. நிலையத்துக்கு 64 கிலோபிட் வேகத்தில் ஒரு தனி இணைப்பு கொடுத்தார்கள். கம்பளை, நாவலப்பிட்டி பொது நூலகங்களிலும் மக்கள் இலவசமாகப் பயன்படுத்தக் கணினி வைத்தார்கள். இன்றைக்கு ஒரு குறும்படம்கூட ஓடாத வேகம். ஆனால் அன்று மலைநாட்டுச் சிற்றூரிலிருந்து டயல்-அப் போட்டால் தொலைதூர அழைப்புக் கட்டணம் தனியாக எகிறும். கணினியைத் தொட்டே பார்க்காத பட்டதாரிகள் இருந்த காலம்.

இந்தத் திட்டத்தின் மையம் கணினி இல்லை, ஒரு வானொலி நிகழ்ச்சி. கேட்பவர்கள் கடிதத்திலோ தொலைபேசியிலோ கேள்வி அனுப்புவார்கள். நிலையத்தில் இருப்பவர்கள் இணையத்தில் தேடி, கிடைத்ததைத் தங்கள் மொழியில் விளக்கிச் சொல்வார்கள். விஷயம் தெரிந்த ஒரு மருத்துவரோ விவசாய அதிகாரியோ பக்கத்தில் இருப்பார். கணினி இல்லாதவருக்கும், ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவருக்கும், எழுத்தே தெரியாதவருக்கும் இணையம் ஒரு டிரான்சிஸ்டர் வழியாகப் போய்ச் சேர்ந்தது.

இதில் தன்னார்வலரின் வேலை என்ன என்று நிதானமாகப் பார்க்கலாம். கம்பளைப் பக்கத்து விவசாயி ஒருவர், மிளகுக் கொடியில் இலை மஞ்சளாகிறது, என்ன செய்யலாம் என்று எழுதிப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடிதத்தைப் பிரிக்கும் இளைஞர் முதலில் அதைப் புரிந்துகொள்ள வேண்டும்: எந்த இலை, அடியா நுனியா, மழைக்கு முன்னா பின்னா. கடிதத்தில் அது இருக்காது. அப்புறம் தேட வேண்டும். கூகுள் அப்போதுதான் தவழ்ந்துகொண்டிருந்தது. கிடைப்பதெல்லாம் ஆங்கிலத்தில், பாதி கேரளத்தையும் வியட்நாமையும் பற்றி. கணினி எழுத்துக்கான பொதுத் தரமான யூனிகோடில் சிங்கள எழுத்து ஏறியதே 1999இல்தான். தமிழ் ஏற்கெனவே அதில் இருந்தும், நாமெல்லாம் டிஸ்கியா டாபா என்று எழுத்துருச் சண்டை போட்டுக்கொண்டிருந்த வருடம் அது. ஆகவே வாசிப்பது ஒரு மொழியில், சொல்வது இன்னொரு மொழியில். நடுவில் அந்த இளைஞர் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்: இந்த மருந்து நம் ஊரில் கிடைக்குமா, இந்த மண்ணுக்குச் சரிவருமா, இதை நம்பலாமா? விவசாய அதிகாரியிடம் கேட்க வேண்டும். அவர் இது தப்பு என்று சொன்னால் மறுபடியும் தேட வேண்டும். கடைசியில் ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்து, மிளகு பயிரிடும் மாமாவுக்கும் புரிகிற பேச்சில் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் அடுத்த சந்தை நாளில் அந்த மாமாவே நேரில் வந்து கேட்பார்.

ஒரே வேலைக்குள் வாசிப்பு, மொழிபெயர்ப்பு, சரிபார்ப்பு, பேச்சு, பொறுப்பு எல்லாம் வந்துவிட்டன. இதைச் செய்யச் சொல்லி யாரும் இளைஞர்களுக்குத் தலைமைப் பண்புப் பயிலரங்கு நடத்தத் தேவையில்லை. வேலையே பயிலரங்கு. என் கணிப்பில் கொத்மலையின் உண்மையான கண்டுபிடிப்பு இதுதான்: தன்னார்வலரை ஒரு தேவைக்கும் அதன் பதிலுக்கும் நடுவில் நிறுத்தியது. யுனெஸ்கோவின் ஆவணங்கள் "மாதிரி" என்று கொண்டாடியது வானொலியும் இணையமும் சேர்ந்ததை. அந்தச் சேர்க்கைக்கு உயிர் கொடுத்த மனிதர் ஆவணங்களில் பெரும்பாலும் பெயரில்லாத "தொண்டர்".

இளைஞர்கள் சேவை மனப்பான்மையால்தான் வந்தார்கள் என்று நான் நம்பவில்லை. பலருக்குக் கணினிதான் தூண்டில். இலவசமாகப் பழகலாம், வலைப்பக்கம் செய்யக் கற்றுக்கொள்ளலாம், கொழும்பில் வேலை தேடும்போது எழுதிக்கொள்ளலாம். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. சுயநலத்தோடு வந்தவரைப் பொதுவேலையில் உட்கார வைக்கத் தெரிந்த நிறுவனம் நல்ல நிறுவனம். தூய மனதோடு மட்டும் வா என்று சொல்லும் நிறுவனத்துக்கு, வீட்டில் வசதி உள்ள பிள்ளைகள் மட்டும்தான் வருவார்கள்.

யார் உள்ளே, யார் வெளியே

ஆனால் இதே வேலைமுறை ஒரு சல்லடையாகவும் இருந்தது. இணையத்தில் இருப்பது ஆங்கிலம் என்றால், ஆங்கிலம் கொஞ்சமாவது தெரிந்த இளைஞருக்குத்தான் நிலையத்தில் மதிப்பு. பத்து வருடத்துக்கு முன் ஆங்கிலம் இல்லாமல் நுழைய முடிந்த வாசலில், திட்டம் தன்னை அறியாமலே ஒரு ஆங்கிலக் காவலாளியை நிறுத்தியது. இளைஞர் ஆணைக்குழு 1990இல் சுட்டிக்காட்டிய அதே சிக்கல், நல்ல நோக்கத்தோடு திரும்பி வந்தது.

அப்புறம் தோட்டங்கள். கொத்மலை நுவரெலியா மாவட்டத்தில் இருக்கிறது. நிலையத்தைச் சுற்றிய மலைகளில் தேயிலை, அந்தத் தேயிலைக்கு நடுவில் லயன் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகள், அவற்றில் மலையகத் தமிழர்கள். நிலையத்தின் முதன்மை மொழி சிங்களம். கேட்பரப்பு இரண்டு மொழி பேசும் பரப்பு. தமிழ் நிகழ்ச்சி ஒன்றிரண்டு வைத்தால் போதாது. தமிழ் பேசும் இளைஞர் நிலையத்துக்குள் நடமாட வேண்டும், தோட்டத்திலிருந்து வரும் கேள்வியைப் பிரிக்கும் கை அவருடையதாக இருக்க வேண்டும். அந்த வருடங்களில் நாட்டில் போர் நடந்துகொண்டிருந்ததையும் மறக்கக் கூடாது. தமிழ் இளைஞன் ஒருவன் மாலையில் ஒரு அரசு நிறுவனத்தின் வாசலில் போய் நிற்பது, சிங்கள இளைஞன் நிற்பதைப் போல இல்லை. அடையாள அட்டை, சோதனைச் சாவடி, கேள்விகள். "எல்லாரும் வரலாம்" என்ற அறிவிப்புப் பலகை அந்தத் தூரத்தைக் குறைக்காது.

பெண்கள் விஷயத்தில் சிக்கல் பேருந்தில் இருக்கிறது. இது கொத்மலைக்கு மட்டும் உரியதில்லை, மலையோ சமவெளியோ எந்தக் கிராமத்து வானொலிக்கும் பொருந்தும். கேட்பவர்கள் அதிகம் இருப்பது வேலை முடிந்த மாலை நேரத்தில், கடைசிப் பேருந்தும் அந்த நேரத்தில்தான். நேரடி ஒலிபரப்பை மாலையில் வைத்துவிட்டு, பெண் தொண்டர்கள் குறைவாக இருக்கிறார்களே என்று ஆய்வுக் கூட்டம் போடுவது நம் நிறுவனங்களுக்குப் பழக்கம்.

தூரத்தைக் குறைக்கக் கொத்மலை செய்த ஒரு வேலை எனக்கு மிகவும் பிடித்தது. 2000களின் பிற்பகுதியில் ஒரு முச்சக்கர வண்டிக்குள் மடிக்கணினி, அச்சுப்பொறி, கேமரா, கம்பியில்லா இணைப்பு, கூரையில் ஒலிபெருக்கி எல்லாம் பொருத்தி, ஈ-டுக்டுக் என்று பெயர் வைத்து ஊர் ஊராக ஓட்டினார்கள். நிலையத்துக்கு வர முடியாதவர்களிடம் நிலையம் போனது. வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்கு அது வேடிக்கைச் செய்தி. எனக்கு அது 1981இன் பழைய யோசனையின் திருத்திய வடிவமாகத் தெரிகிறது. அப்போது குழு கிராமத்துக்குப் போய் நாடாவோடு திரும்பியது. இப்போது வண்டி நிற்கும் இடத்திலேயே ஊர்க்காரர் பேசலாம், தேடலாம், கேட்கலாம்.

நிலையம் யாருடையது

கொத்மலையின் பெரிய பலவீனம் அதன் பெயரிலேயே ஒளிந்திருந்தது. சமூக வானொலி என்று சொன்னாலும் உரிமையாளர் அரசின் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம். இலங்கைச் சட்டத்தில் ஒரு ஊர்ச் சங்கமோ இளைஞர் மன்றமோ தனியாக வானொலி உரிமம் கேட்க, சமூக வானொலி என்று ஒரு வகையே ஒதுக்கப்படவில்லை. இதனால் தன்னார்வலர் நிகழ்ச்சி செய்யலாம், நிலையத்தை நடத்த முடியாது. யாரை நியமிப்பது, எந்த நேரத்தை யாருக்குக் கொடுப்பது, திட்டப்பணம் தீர்ந்ததும் எதை நிறுத்துவது என்ற முடிவுகள் கொழும்பை நோக்கியே போகும்.

மிளகு பற்றியும் சர்க்கரை நோய் பற்றியும் அந்த இளைஞர் சுதந்திரமாகப் பேசலாம். பிரதேச சபை போட்ட வீதி ஏன் ஒரே மழையில் கரைந்தது என்று பேச முடியுமா? அணைக்காக எடுத்த நிலத்துக்கு இழப்பீடு யாருக்கு எவ்வளவு கிடைத்தது என்று தேடிச் சொல்ல முடியுமா? அரசு நிறுவனத்துக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு விடை தெரியும். யாரும் தடுக்க வேண்டியதில்லை, அவரே கேட்காமல் விட்டுவிடுவார். இருபது வயதில் வந்தவர் இருபத்து மூன்று வயதில் சலித்துப்போக இது ஒன்றே போதும். வேலை கிடைத்தது, திருமணமானது, வெளிநாடு போனார் என்று மற்ற காரணங்களும் சேரும். அவை எல்லா ஊரிலும் உள்ளவை.

இன்னொரு சங்கடமும் உண்டு. ஒரே அறையில் ஒரே வேலையைச் செய்யும் இருவரில் ஒருவருக்கு மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் இருக்க, மற்றவருக்குத் தேநீர் மட்டும் என்றால், எத்தனை வருடத்துக்கு அது தன்னார்வம்? பொது நிறுவனம் பணியாளர் செலவை மிச்சப்படுத்தும் வழியாக அது மாறும் நாள் எது என்று யாராவது கணக்கு வைத்திருக்க வேண்டும். பெரும்பாலான நிலையங்களில் யாரும் வைத்திருப்பதில்லை.

2002இல் டான் ஸ்லேட்டர், ஜோ டாக்கி, பீட்டர் லூயிஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் கொத்மலையில் கள ஆய்வு செய்தார்கள். அதிலிருந்து வளர்ந்த அணுகுமுறையை யுனெஸ்கோ பின்னர் கையேடாகவே வெளியிட்டது. திட்டம் முடிந்த பிறகு வெளியிலிருந்து வந்து மதிப்பெண் போடுவதற்குப் பதிலாக, வேலை செய்பவர்களே நாட்குறிப்பு எழுதி, ஊராரோடு பேசி, நடந்துகொண்டிருக்கும்போதே திருத்திக்கொள்ளும் ஆய்வுமுறை அது. தன்னார்வ இளைஞர்களுக்கு இப்படியொரு நோட்டுப் புத்தகம் கையில் இருந்தால், சலிப்பும் குறைகளும் முதலில் அங்கேதான் பதிவாகும்.

பூதிகோட்டையும் கேப் டவுனும்

கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் பூதிகோட்டை என்ற ஊர் இருக்கிறது. ஹைதர் அலி பிறந்த ஊர் என்று சொல்வார்கள். அங்கே வாய்சஸ், மைராடா என்ற இரண்டு அமைப்புகள் யுனெஸ்கோ உதவியோடு "நம்ம த்வனி" என்ற வானொலியைத் தொடங்கின. அன்றைய இந்திய விதிப்படி கல்வி நிறுவனங்களுக்கு மட்டும்தான் சமூக வானொலி உரிமம். சரி, காற்றில் போகக் கூடாது என்றால் கம்பியில் போவோம் என்று 2003இல் உள்ளூர் கேபிள் டிவி வழியாகவே ஒலிபரப்பினார்கள். நிகழ்ச்சி தயாரித்தவர்கள் பயிற்சி பெற்ற கிராமத்து இளைஞர்கள். மேற்பார்வை பெண்கள் சுயஉதவிக் குழுக்களிடம். கொத்மலையை விட மிகச் சிறிய முயற்சி. ஆனால் கணக்குக் கேட்கும் ஆள் கொழும்பிலோ பெங்களூரிலோ இல்லை, அடுத்த தெருவில் இருந்தார். அது பெரிய வித்தியாசம்.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் புஷ் ரேடியோ இன்னொரு விதம். நிறவெறி ஆட்சியின் கடைசிக் காலத்தில் ஒலிநாடாக்களில் செய்தியும் கவிதையும் பதிந்து கைமாற்றியவர்களின் தொடர்ச்சி அது. 1993 ஏப்ரலில் உரிமம் இல்லாமலே ஒலிபரப்பினார்கள், போலீஸ் வந்து கருவிகளை அள்ளிக்கொண்டு போனது. அதே வருடம் வந்த சட்டம் அரசு, வணிகம், சமூகம் என்று வானொலியை மூன்றாகப் பிரித்தது, 1995இல் உரிமமும் கிடைத்தது. இளைஞர் விஷயத்தில் அவர்கள் செய்தது எளிமையானது: இன்னும் சின்ன வயதிலேயே ஆரம்பித்தார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு வானொலிப் பயிற்சி கொடுத்து, பிள்ளைகளே தயாரித்து வழங்கும் நிகழ்ச்சிக்கு நேரம் ஒதுக்கினார்கள். எச்ஐவி பற்றிப் பேச மருத்துவரின் உரையை விட ஹிப் ஹாப் பாடல் நன்றாகப் போய்ச் சேரும் என்று இளைஞர்கள் சொன்னபோது அந்த வழியில் போனார்கள். தேறியவர்களைப் பெரிய நிலையங்கள் கொத்திக்கொண்டு போகும். அடியில் அடுத்த வரிசை தயாராக இருந்ததால் அது பேரிழப்பாகவில்லை.

நம் பக்கம்

இந்தியாவில் வானலை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1995இல். கல்வி நிறுவனங்களுக்குக் கதவு திறந்தது 2002இல். நாட்டின் முதல் வளாகச் சமூக வானொலியாக அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்எம் 2004 பிப்ரவரியில் தொடங்கியது. 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி வந்தது. 100 வாட் சக்தி, குறைந்தது பாதி நிகழ்ச்சிகள் உள்ளூர் பங்கேற்போடு, செய்தி ஒலிபரப்பக் கூடாது என்பது போன்ற விதிகளோடு. ஆகாசவாணியின் செய்தியை எடுத்துப் போடலாம் என்பது பின்னால் வந்தது.

தமிழ்நாட்டில் நிலையங்கள் பெரும்பாலும் கல்லூரிகள் கையில் இருக்கின்றன. இதில் ஒரு வேடிக்கை. கல்லூரி நிலையத்தில் இளைஞர்களுக்குப் பஞ்சமில்லை, ஆனால் வருபவர்களில் பலர் மதிப்பெண்ணுக்காக வருகிறார்கள். சமூகம் என்பது சுற்றுச்சுவருக்கு வெளியே இருக்கிறது. ஊர் நிலையத்தில் ஊர் இருக்கிறது, இளைஞர் வெளியூரில் படிக்கிறார். பாம்பனில் 2016இல் தொடங்கிய கடல் ஓசை 90.4 இந்தச் சிக்கலை ஓரளவு தாண்டியதற்குக் காரணம், பேசும் விஷயம் காற்று, அலை, மீன் விலை என்று கேட்பவரின் அன்றாடத்தோடு ஒட்டியிருப்பது. கடலுக்குப் போன அப்பாவோ அண்ணனோ கேட்டுக்கொண்டிருக்கும்போது ஒலிவாங்கி முன் உட்காரும் பிள்ளைக்குத் தான் செய்வது எதற்காக என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

கல்லூரி நிலையங்கள் கொத்மலையிடமிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது அந்தக் கேள்விக் கடித வேலை. இன்று தேடுவதற்கு வானொலி தேவையில்லை, எல்லார் கையிலும் போன் இருக்கிறது என்பார்கள். உண்மைதான். தேடல் எளிதாகிவிட்டது, சரிபார்ப்பு முன்னைவிடக் கடினமாகிவிட்டது. வாட்ஸ்அப்பில் வரும் சர்க்கரை நோய் வைத்தியம், மானியம் தருவதாகச் சொல்லும் இணைப்பு, வெளிநாட்டு வேலை விளம்பரம் என ஒரு நிலையத்தைச் சுற்றியுள்ள பத்துக் கிராமங்களில் ஒரு வாரத்தில் சுற்றுபவற்றைச் சேகரித்தாலே ஒரு நிகழ்ச்சிக்குப் போதும். கேட்பவர் அனுப்புவார், மாணவர் ஆரம்பச் சுகாதார நிலையத்திலோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ போய் விசாரிப்பார், வெள்ளிக்கிழமை ஒலிபரப்பில் பதில் வரும். பாடத்திட்டத்து மாணவரை அலுவலக வாசலில் நிற்க வைப்பதே பாதி வெற்றி.

அதோடு வெளியேறும் தேதியையும் முதல் நாளே பேசிவிடலாம். ஒருவர் ஒன்றரை வருடம் இருப்பார், கடைசி ஆறு மாதம் அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுப்பார் என்று வைத்துக்கொண்டால், போகிறவரைத் துரோகி போலப் பார்க்க வேண்டியதில்லை. அந்தக் காலத்துக்குப் பேருந்துக் கட்டணமும் சாப்பாடும் நிலையத்தின் பொறுப்பு. விளம்பரத்துக்கு அனுமதித்த நேரம் 2024இல் மணிக்குப் 12 நிமிடமாக உயர்ந்திருக்கிறது, அதில் வருவதிலிருந்து இதை ஒதுக்க முடியாது என்று எந்த நிலையமும் எளிதில் சொல்ல முடியாது.

கடைசியாக முடிவெடுக்கும் நாற்காலி. அதே 2024 விதிமுறைகள், நிலையத்தின் ஆலோசனை மற்றும் உள்ளடக்கக் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கின்றன. நல்ல விதி. அந்தக் குழுவில் இருபத்தைந்து வயதுக்கு உட்பட்ட தன்னார்வலர் இருவரை, ஓட்டுரிமையோடு, உட்கார வைக்க டெல்லியிலிருந்து எந்த உத்தரவும் வர வேண்டியதில்லை. நிலையத்தின் அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டால் போதும்.